பாறை புக்கு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலைல காவேரிப்பட்டணம் பக்கத்துல எங்க வீட்டுத் திண்ணையில தெரு பசங்கள உக்கார வச்சு படக்கதை படிச்சுக் காட்டுறேன், ஒரு பதினஞ்சு இருபது பசங்க வருவாங்க. அவங்களுக்காக நானே வரைஞ்சு எழுதி தைச்ச ஒரு புக்கு இருக்குது, ஒரு பொண்ணு, ஒரு பாறை, ஒரு பையன், அவ்ளோதான். நான் பேரே வைக்கல, பசங்க பாறை புக்குன்னு கூப்பிட ஆரம்பிச்சு அதுவே நின்னுருச்சு. அத போட்டோ எடுத்து வாட்ஸப்புல ஒருத்தருக்கு ஒருத்தரு அனுப்பி பாலக்கோடு, ராயக்கோட்டை, ஊத்தங்கரைன்னு எங்கெங்கயோ போயிருக்குது, அதனால கேள்வியும் நிறைய வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடுறேன்.

கதை என்ன, சுருக்கமா சொல்லுங்க?

எட்டு வயசு பொண்ணு ஒருத்தி. வீட்டுக்குப் பின்னாடி மாந்தோப்பு, தோப்பு முடியுற எடத்துல ஒரு பெரிய தட்டைப் பாறை, ஸ்கூல் விட்டு வந்ததும் பையத் தூக்கிப் போட்டுட்டு நேரா அங்க போயி உக்காந்துக்குவா. பெருசா ஒண்ணும் செய்ய மாட்டா. எறும்பு வரிசை எங்க போகுதுன்னு பாப்பா, ஓணான் தலைய ஆட்டுனா இவளும் ஆட்டுவா, பாறை சூடு தாங்க முடியலன்னா நிழல் பக்கமா நகந்து உக்காருவா. போறவங்க வர்றவங்க எல்லாம் "ஏம்மா ஒண்டியா குந்தியிருக்க, போயி பசங்களோட வெளையாடு"ன்னு சொல்றாங்க, தோப்புக்காரரு சொல்றாரு, பால்காரரு சொல்றாரு, சித்தி சொல்றாங்க. அவ யாருக்கும் பதில் சொல்றதில்ல.

ஒரு நாளு ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன் அந்தப் பாறையில ஏறிடுறான். அவளுக்குக் கோவம், அது அவ எடம். அவனும் எறங்கல. ஆளுக்கொரு ஓரத்துல முதுகக் காட்டி உக்காந்திருக்காங்க, இப்படியே நாலஞ்சு நாளு போகுது. அப்புறம் ஒரு நாளு கீழ விழுந்து கெடந்த பெங்களூரா மாங்காய அவன் கல்லுல தட்டி ஒடைச்சு பாதிய அவ பக்கம் தள்ளி விடுறான், அவ காகிதத்துல மடிச்சு வச்சிருந்த உப்பு மொளகாத்தூள பிரிச்சு நடுவுல வைக்கிறா. பேச்சே இல்ல. அப்புறம் நாலு நாளு அவன் வரல. அஞ்சாவது நாளு வர்றான். கடைசிப் படத்துல அவ பாறை மேல ஒண்டியா படுத்து வானத்தப் பாக்குறா, தூரத்துல கரட்டு மேல அவன் ஆடுங்களோட ஒண்டியா நிக்கிறான், ரெண்டு பேரும் கையத் தூக்கிக் காட்டுறாங்க. முடிஞ்சுது.

கடைசில ரெண்டு பேரும் போயி மத்த பசங்களோட சேந்து வெளையாடுற மாதிரி முடிச்சிருக்கலாமே?

இதத்தான் எல்லாரும் கேக்குறாங்க. நான் மொதல்ல வரைஞ்சதும் அப்படித்தான், கடைசிப் பக்கத்துல மந்தைவெளியில பத்து பதினஞ்சு பசங்க, நடுவுல அவ சிரிச்சிக்கிட்டு ஓடுறா. வரைஞ்சு முடிச்சு செவுத்துல ஒட்டி வச்சு ரெண்டு நாளு பாத்தேன், மனசு ஒத்துக்கல. ஏன்னா ஒதுங்கி இருக்குற புள்ளைங்கள பத்தி வர்ற கதை முக்காவாசி இப்படித்தான் முடியுது, அமைதியான புள்ள கடைசில கூட்டத்துக்குள்ள போயிடும், எல்லாரும் கை தட்டுவாங்க. அத கேக்குற அமைதியான புள்ள என்ன நெனைக்கும்னு யோசிங்க, நாம இப்ப இருக்குற மாதிரியே இருந்தா நம்ம கதை முடியாது போலன்னுதான நெனைக்கும்? எனக்கு அப்படி ஒரு புக்கு வேணாம்னு தோணுச்சு. இந்தக் கதையில அவளுக்கு ஒரு சிநேகிதன் கெடைக்கிறான், அதுக்காக அவ பாறைய விட்டுக்கொடுக்கல, அவனும் ஆட்ட விட்டுட்டு வரல. சிநேகம்ங்கறத ஒண்டியா இருக்குறதுக்கு குடுக்குற மருந்து மாதிரி காட்டிடவே கூடாதுன்னு ரொம்ப கவனமா இருந்தேன், ஏன்னா அவளுக்கு நோயே இல்லையே.

தனிமைங்கற வார்த்தை புக்குல ஒரு எடத்துல கூட வரலையே, ஏன்?

அந்த வார்த்தைய கேட்டாலே நமக்கு சோகம் வந்துருது, சினிமாவுல மழை பெய்யும், ஹீரோ ஜன்னல் ஓரமா நிப்பாரு, அந்த மாதிரி. நம்ம பக்கம் பேச்சுல அதுக்கு ஒண்டின்னு ஒரு வார்த்தை இருக்குது, ஒண்டியா போனேன், ஒண்டியா தூக்குனேன், ஒண்டியாவே தின்னுட்டான், இதுல எல்லாம் சோகம் ஒண்ணும் இல்ல, ஒரு ஆளுங்கற கணக்கு மட்டும்தான். ஆனா ஒண்டிக்கட்டைன்னு சொன்னதும் பாவம்னு ஆயிடுது. அதனால பசங்களுக்கு பழக்கமான ஒண்டியா-ங்கறதையே வச்சிக்கிட்டேன். மொத பக்கத்துல சித்தி சொல்றப்ப அந்த வார்த்தை திட்டு மாதிரி இருக்கும், கடைசிப் பக்கத்துல அதே வார்த்தைய நான் எழுதுறப்ப அப்படி இருக்காது, படிச்சுப் பாருங்க.

இதுல ஒண்ணு சொல்லணும், அவ்வையப் பத்தி. தகடூருன்னு சங்க காலத்துல சொன்னது நம்ம தருமபுரியத்தான், அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊரு, இன்னைக்கும் தருமபுரி பக்கத்துல அதியமான்கோட்டைன்னே ஊரு பேரு இருக்குது. சாகாம இருக்க வைக்கிற நெல்லிக்கனி கெடைச்சப்ப அத தான் திங்காம அவ்வைக்கு குடுத்தாரு, அத அவ்வையே புறநானூறு 91வது பாட்டுல பாடியிருக்காங்க. சிநேகத்துக்கு தமிழ்ல இதவிட பெரிய கதை எனக்குத் தெரியாது, நம்ம ஊருல நடந்தது. அதே அவ்வைங்கற பேருல ரொம்ப காலம் கழிச்சு வந்த இன்னொரு அவ்வை, முருகன் கேட்டப்ப ஒலகத்துல இனியது எதுன்னு பாடுனதா ஒரு தனிப்பாட்டு இருக்குது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுல மொதல்ல வர்றதே ஏகாந்தம் இனிதுங்கறதுதான், அறிவுள்ளவங்களோட சேந்து இருக்குறது அதவிட இனிதுன்னு அப்புறமா வருது. அப்ப ரெண்டுமே இனிதுன்னு அவ்வைப் பாட்டியே சொல்லியிருக்காங்க, நாமதான் புள்ளைங்க விஷயத்துல ஒண்ண மட்டும் புடிச்சிக்கிட்டோம்.

எங்க புள்ள எப்பவும் தனியாத்தான் வெளையாடுது, டாக்டர்ட்ட காட்டணுமா?

நான் டாக்டர் இல்லைங்க, ஆனா இந்தக் கேள்விய கேக்குற அம்மாங்க முகத்துல இருக்குற பயத்தப் பாத்து நானே கொஞ்சம் தேடிப் படிச்சேன், அதச் சொல்றேன். 1932ல மில்ட்ரெட் பார்ட்டன்னு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சியாளர் ரெண்டு வயசுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருக்குற புள்ளைங்க எப்படி வெளையாடுதுங்கன்னு பக்கத்துல இருந்து பாத்து எழுதுனாங்க. தனியா வெளையாடுறது, மத்தவங்க வெளையாடுறத பாத்துக்கிட்டே இருக்குறது, பக்கத்து பக்கத்துல உக்காந்து அவங்கவங்க பாட்டுக்கு வெளையாடுறது, அப்புறம் சேந்து வெளையாடுறது, இப்படி பிரிச்சாங்க. இத ஏணிப்படி மாதிரி எடுத்துக்கிட்டு தனியா வெளையாடுற புள்ள கீழ்ப்படியிலயே நிக்குதுன்னு ரொம்ப நாளு நெனைச்சாங்க. பின்னாடி வந்தவங்க அது அப்படி இல்லைன்னு சொல்லிட்டாங்க, பெரிய புள்ளைங்களும் தனியா உக்காந்து கட்டுறது, வரையிறது, அடுக்குறதுன்னு மும்முரமா இருக்கும், அது வளராததுக்கு அடையாளம் இல்ல. பாறை புக்குல முதுகக் காட்டி உக்காந்திருக்காங்களே, அது பார்ட்டன் சொன்ன பக்கத்து பக்கத்து வெளையாட்டுதான், அதுவும் ஒரு வகை சேர்க்கைதான்.

ஆனா ஒண்ணு. தானா போயி ஒண்டியா உக்கார்ற புள்ள வேற, யாரும் சேத்துக்காம ஒண்டியா நிக்கிற புள்ள வேற, வெளிலருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். நான் பாக்குறது திரும்பி வர்றப்ப அதோட முகத்த. தானா போன புள்ள வர்றப்ப கையில ஏதாவது இருக்கும், ஒரு கல்லு, ஒரு காஞ்ச காய், இல்லன்னா சொல்றதுக்கு ஏதாவது இருக்கும், "அக்கா அந்த எறும்பு செத்த பூச்சிய தூக்கிட்டு போச்சு"ன்னு. சேத்துக்காத புள்ள வெறுங்கையோட வரும், கண்ணு மத்த பசங்க மேலயே இருக்கும், ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடி வயித்து வலின்னு சொல்லும். அந்தப் புள்ளைக்கு இந்த புக்கு போதாது, டீச்சர்ட்ட போயி பேசணும், யாரு என்ன சொல்றாங்கன்னு கேக்கணும், அடிக்கிறாங்க மெரட்டுறாங்கன்னா புள்ளைங்களுக்கான உதவி போன் நம்பரு 1098 இருக்குது, ராத்திரி பகலுன்னு எப்ப வேணாலும் கூப்பிடலாம். கூப்பிட்டா திரும்பல, பேச்சு வரல, வந்த பேச்சு நின்னு போச்சு, கண்ணப் பாக்க மாட்டேங்குதுன்னா அது தனியா இருக்குறத பத்தின கேள்வியே இல்ல, கவர்மென்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி புள்ளைங்க டாக்டர்ட்ட காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க.

எம் பையன் ஒண்டியாத்தான் இருக்கான், ஆனா கையில போன் இருக்குது, அதுவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லைங்க. போன்ல ஒரு வீடியோ முடியுறதுக்குள்ள இன்னொண்ணு வந்துருது, அவன் ஒண்டியா இருக்குறதே இல்ல, யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க. ரெண்டு வயசுலருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னு 2019ல ஒலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்குது. ஆனா புடுங்கி வச்சிட்டா மட்டும் போதாது, புடுங்குன அடுத்த பத்து நிமிஷம் புள்ள போரடிக்குதும்மா போரடிக்குதும்மான்னு சுத்தி வரும், அந்த பத்து நிமிஷத்த நாம தாங்கணும், அங்கதான் நாம எல்லாருமே தோத்துப் போறோம், சோறு வடிக்கிற நேரமா பாத்து வருமே. தாங்கிட்டா அது தானா எதையாவது எடுத்துக்கும். எங்க வீட்டுல பக்கத்து வீட்டு வாண்டு ஒண்ணு அப்படி சலிச்சுப் போயி புளியங்கொட்டைய கருப்பு தனியா, தேஞ்சது தனியான்னு பிரிச்சு ஒரு சாயங்காலம் பூரா வெளையாடுச்சு, நான் ஒண்ணுமே சொல்லல.

நடுவுல ஆயா (பாட்டி) வந்து உக்கார்ற பக்கம் எதுக்கு? கதைக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்குதே?

அது அப்புறமா சேத்தது, அத சேத்த கதைய கொஞ்சம் நீளமாவே சொல்லணும்.

மொதல்ல புக்குல அந்தப் பையன் நாலு நாளு வராததுக்கு காரணம் எழுதியிருந்தேன், அவனுக்கு காய்ச்சல்னு. மொத தடவ திண்ணையில படிச்சுக் காட்டுறப்ப காரணம் வர்ற பக்கத்துக்கு முன்னாடி நிறுத்தி, அவன் ஏன் வரலன்னு நெனைக்கிறீங்கன்னு கேட்டேன். ஒருத்தன் ஆடு தொலைஞ்சிருச்சுன்னான், ஒருத்தி அவங்க ரெண்டு பேரும் சண்டைன்னா. முன் வரிசையில ஒரு ஏழு வயசுப் பொண்ணு இருந்தா, அவங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் பெங்களூருல கட்டட வேலை, இவ ஆயாகிட்ட இருக்கா. அவ என்னையப் பாக்கல, படத்தையே பாத்துக்கிட்டு மெதுவா, "தீபாவளிக்கு வந்துருவான்"னா.

எனக்கு அதுக்கு மேல படிக்க வரல. இந்த ஒண்டியா இருக்குறது இனிதுங்கற புக்க நான் யாருக்கு படிச்சுக் காட்டுறேன்னு அன்னைக்குத்தான் ஒறச்சுது. தருமபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன குடும்பம் எத்தன, அந்தப் புள்ளைங்க கேட்டு வாங்கல அந்த ஒண்டிய. அதுங்ககிட்ட போயி ஒண்டியா இருக்குறது எவ்ளோ நல்லா இருக்குது பாருன்னு சொல்றது நியாயமே இல்ல. புக்க மூடி பீரோல வச்சிட்டேன், ரெண்டு மாசம் தொடவே இல்ல.

அப்புறம் டொனால்ட் வின்னிகாட்டுன்னு இங்கிலாந்துல ஒரு புள்ளைங்க டாக்டரு, மனநல மருத்துவரும்கூட, அவரு 1958ல எழுதுன ஒரு கட்டுரையப் பத்தி படிச்சேன். ஒண்டியா இருக்குறத ஒரு தெறமைன்னு சொல்றாரு, அந்தத் தெறமை புள்ளைக்கு எப்படி வருதுன்னா அம்மா பக்கத்துல இருக்குறப்ப ஒண்டியா இருந்து பாத்துத்தான் வருதுங்கறாரு. அம்மா கொஞ்சிக்கிட்டு இருக்க வேணாம், வெளையாட்டு காட்ட வேணாம், அங்க இருந்தா போதும், இருக்காங்கங்கற நெனப்புல புள்ள தன் பாட்டுக்கு இருக்கும், போகப் போக அந்த ஆளு இல்லாதப்பயும் அந்த நெனப்பு உள்ள இருக்கும். இதப் படிச்சதும் எனக்கு எங்க ஆயா புளி தட்டுறதுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. மாசி பங்குனியில வாசல்ல கோணிய விரிச்சு உக்காந்து கட்டையால தட்டி கொட்டை எடுத்துக்கிட்டே இருப்பாங்க, டொக்கு டொக்குன்னு, நான் பின்னாடி என் பாட்டுக்கு மண்ணுல கோடு போட்டுக்கிட்டு இருப்பேன், ஒரு வார்த்தை பேசிக்க மாட்டோம். அந்த சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு ஒலகத்துல ஒரு பயமும் இல்ல.

அதான் அந்தப் பக்கம். பையன் வராத மூணாவது நாளு ஆயா புளிக்கூடைய தூக்கிட்டு வந்து பாறை அடியில உக்காந்து தட்டுறாங்க. ஏன் ஒண்டியா இருக்கன்னு கேக்கல, வா வீட்டுக்குன்னும் சொல்லல. அவ மேல உக்காந்திருக்கா. எழுத்தே இல்ல, ஒரு ஓரத்துல டொக்கு டொக்குன்னு மட்டும் எழுதியிருக்கேன். காய்ச்சல்னு இருந்த வரிய எடுத்துட்டேன், அவன் ஏன் வரலன்னு இப்ப புக்கு சொல்றதில்ல, வர்றான்னு மட்டும் சொல்லுது. திருப்பி படிச்சப்ப அந்தப் பொண்ணு ஆயா பக்கத்துல வெரல வச்சு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல. ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

அந்தப் பையன் ஏன் பேசவே மாட்டேங்குறான்?

அவன் வீட்ல தெலுங்கு. இத புக்குல எங்கயும் சொல்லல, ஆனா அவன் ஆட்ட கூப்பிடுற ஒரே எடத்துல தெலுங்குல கூப்பிடுறான், கவனிச்சுப் பாத்தா தெரியும். கிருஷ்ணகிரி, ஓசூரு, தளி, வேப்பனப்பள்ளி பக்கம் வாழ்ந்தவங்களுக்கு இது புதுசு இல்ல, ஒரே தெருவுல தமிழு, தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு பாஷை கேக்கும், புள்ளைங்க ஸ்கூல் சேந்த புதுசுல ஒண்ணுக்கொண்ணு பேச்சு புரியாம கோலிகுண்ட உருட்டியே சிநேகம் ஆயிருக்கும். நானும் அப்படித்தான் ஒருத்தியோட சிநேகம் ஆனேன், மொத ஆறு மாசம் எங்களுக்குள்ள பேச்சுன்னு ஒண்ணும் இல்ல, சீத்தாப்பழம் எந்தப் புதர்ல பழுத்திருக்குதுன்னு கைய காட்டிக்குவோம். பேசிப் பேசித்தான் சிநேகம் வரும்னு இல்ல.

படம் மட்டும் பெருசு பெருசா இருக்குது, எழுத்து ரெண்டு வரிதான், இதுல புள்ள என்ன படிக்கும்?

படத்தத்தான் படிக்கும். நாம எழுத்த படிக்கிறப்ப அது படத்துல பாக்குறத நாம பாக்கவே மாட்டோம். ஒண்ணு சொல்றேன், புக்க விரிச்சா நடுவுல மடிப்பு வருதுல்ல, படம் வரையிறவங்க அந்த மடிப்புக்கு ரொம்ப பயப்படுவாங்க, அதுல முகம் மாட்டுனா மூக்கு காணாம போயிடும். நான் அந்த மடிப்ப பாறைக்கு நடுவுல வர்ற மாதிரி வச்சேன். அவ எடது பக்கம், அவன் வலது பக்கம், நடுவுல மடிப்பு ஒரு கோடு கிழிச்ச மாதிரி இருக்கும். மொத மொத அவன் வர்ற பக்கத்துல ரெண்டு பேரு நிழலும் அவங்கவங்க பக்கத்துலயே விழுது. மாங்காய் பக்கத்துல சாயங்காலம், நிழல் நீளமாயி அவ நிழல் மட்டும் மடிப்பத் தாண்டி அவன் பக்கம் போயிடுது. இத நான் யாருக்கும் சொன்னதில்ல, ஆறு வயசுப் பையன் ஒருத்தன் தானா கண்டுபுடிச்சு "அக்கா அவ நிழலு அவன் பக்கம் போயிருச்சு"ன்னு கத்துனான். இத ரெண்டு வரியில எழுதியிருந்தா அவன் கண்டுபுடிச்சிருக்க மாட்டான்.

எத்தன வயசுப் புள்ளைங்களுக்கு?

நாலுலருந்து எட்டு. பத்து வயசுப் பசங்களும் கேக்குறாங்க, எங்களுக்கு தெரியும்ங்கற மாதிரி பின்னாடி நின்னுக்கிட்டு.

எப்படி படிச்சுக் காட்டுனா நல்லா இருக்கும்?

மெதுவா, அவ்ளோதான் முக்கியம். பக்கத்த நீங்க திருப்பாதீங்க, புள்ள திருப்பட்டும், அது ஒரே பக்கத்துல அஞ்சு நிமிஷம் நின்னா நில்லுங்க. எழுத்து இல்லாத பக்கத்துல நீங்களா கதை சொல்லி ரொப்பாதீங்க, அங்க சத்தம் இல்லாம இருக்குறதுக்குத்தான் அந்தப் பக்கமே, பெரியவங்களுக்கு இது ரொம்ப கஷ்டமா இருக்குது, நான் பாத்திருக்கேன், மூணு செகண்டு தாங்க மாட்டாங்க, உடனே இது என்ன கலரு, ஆடு எத்தனன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் முடிஞ்சதும் இந்தக் கதையில என்ன தெரிஞ்சிக்கிட்டன்னு கேக்கவே கேக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். கேட்டா அது உங்களுக்குப் புடிச்ச பதில சொல்லிட்டு அவ்ளோதான்னு மூடிடும். கேக்கலன்னா மூணு நாளு கழிச்சு குளிக்கிறப்பயோ சைக்கிள்ல பின்னாடி உக்காந்து வர்றப்பயோ தானா ஏதாவது சொல்லும்.

ஒரே புள்ளைக்கு படிக்கிறப்ப மடியில வச்சிக்கிட்டு படிங்க. தனியா இருக்குறத பத்தின புக்க ஒருத்தரு மடியில உக்காந்து கேக்குறது அதுக்கு ரொம்ப புடிக்குது.

அந்தப் பாறை நெசமாவே இருக்குதா?

இருந்துச்சு. எங்க ஆயா வீட்டுக்குப் பின்னாடி, யானை படுத்திருக்குற மாதிரி. நம்ம பக்கம் கல்லு எல்லாம் கிரானைட்டுன்னு லாரியில போறது தெரிஞ்சதுதான, அதுல பாதி ஒடைச்சு எடுத்துட்டாங்க, வெட்டுன பக்கம் மட்டும் இன்னும் வெள்ளையா தெரியும். மீதி பாதி இருக்குது. புக்குல முழுசா வரைஞ்சிருக்கேன், ஞாபகத்துலருந்து.

கடையில கெடைக்குமா? இதே மாதிரி வேற புக்கு எங்க பாக்கலாம்?

கடையில இல்ல, கையால தைச்சதுதான், மூணே காப்பி. ஆனா சின்னப் புள்ளைங்களுக்கு தமிழ்ல படக்கதை வேணும்னா இப்ப நெறைய வழி இருக்குது. கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கிற புள்ளன்னா மொதல்ல ஸ்கூல்லயே கேளுங்க, வாசிப்பு இயக்கத்துல 2023லருந்து சின்னச் சின்ன புக்கா நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சு குடுத்திருக்காங்க, சில ஸ்கூல்ல அது கட்டு பிரிக்காம இருக்கும், கேட்டாத்தான் வெளில வரும். ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச இணையதளம் இருக்குது, தமிழ்ல படக்கதை எக்கச்சக்கம், காசு இல்ல, பிரிண்ட் போட்டுக்கலாம், படக்கதைய போன்ல காட்டாம பிரிண்ட் போட்டு குடுங்கங்கறது என் ஆசை. நேஷனல் புக் டிரஸ்ட்டு புக்கெல்லாம் வெலை கம்மி, ஊருல புத்தகத் திருவிழா போடுறப்ப அள்ளிக்கலாம். நூலகத்துல சிறுவர் பகுதின்னு இருக்கும், அங்க புள்ளைய கூட்டிட்டு போயி அதுவா எடுக்க விடுங்க.

எங்க புள்ளைக்கு நாங்களே இப்படி ஒரு புக்கு பண்ணிக் குடுக்க முடியுமா?

முடியும், பண்ணுங்க, உங்க புள்ளையோட எடம் எதுவோ அத வரைங்க, மொட்டை மாடி தண்ணி டேங்கு நிழலா இருக்கலாம், மாட்டுக்கொட்டாயில வைக்கப்போர் சந்தா இருக்கலாம், கட்டிலுக்கு அடியா இருக்கலாம். மொதல்ல அது எங்க போயி ஒண்டியா உக்காருதுன்னு ஒரு வாரம் பாருங்க, நெறைய பேருக்கு தங்கள் புள்ளைக்கு அப்படி ஒரு எடம் இருக்குறதே தெரியல.

படக்கதை பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும், அச்சுக்கூடத்துல பெரிய தாள மடிச்சா 16 பக்கம் வரும், ரெண்டு தாளுக்கு 32, அதனால வந்த பழக்கம். வீட்ல எட்டு ஏ-ஃபோர் தாள் எடுத்து ஒண்ணா அடுக்கி நடுவுல மடிச்சா அதே 32 பக்கம் வந்துரும், கொஞ்சம் தடிமனான தாளா வாங்குங்க, இல்லன்னா கலரு பின்னாடி ஊறும். வரையத் தெரியாதுன்னு சொல்லாதீங்க, பாறைக்கு ஒரு வளைஞ்ச கோடு போதும், ஆட்டுக்கு நாலு கால் இருந்தா புள்ள ஆடுன்னுதான் சொல்லும். மொதல்ல பென்சில்ல எல்லாப் பக்கத்தையும் சின்னச் சின்ன கட்டமா ஒரே தாள்ல போட்டுப் பாத்துக்குங்க, எந்தப் பக்கம் எடது, எந்தப் பக்கம் வலதுன்னு அதுலயே தெரிஞ்சிரும், முகம் மடிப்புல மாட்டாது.

தைக்கிறதுக்கு கோணி ஊசி, மெத்தை தைக்கிற நூலு. மடிப்புல சமமா அஞ்சு ஓட்டை போட்டுக்குங்க. நடு ஓட்டையில உள்ளருந்து வெளிய ஊசிய விட்டு மேல ரெண்டு ஓட்டைக்கும் மாத்தி மாத்தி போயி, அதே வழியா திரும்பி வந்து, நடு ஓட்டைய தாண்டி கீழ ரெண்டுக்கும் போயி, திரும்ப நடு ஓட்டைக்கே வந்து உள்பக்கமா முடிச்சு போடுங்க. முடிச்ச இறுக்குறப்ப ஒரு வெரலால யாராவது அத அழுத்திப் புடிச்சிக்கணும், புள்ளையவே புடிக்கச் சொல்லுங்க.